பேட்டரியைக் கரைக்காத என்க்ரிப்ஷன்: சின்னக் கருவிகளுக்கான முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் நட்டுவைத்த ஒரு மண்ணீரக் கருவி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறது, ஈரத்தை அளக்கிறது, லோராவில் (குறைந்த மின்சாரத்தில் வெகு தூரம் போகும் ரேடியோ முறை) ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டு மறுபடி தூங்குகிறது. அதே தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைத் திறந்து மூட ஒரு வால்வுக் கருவி. இரண்டுக்கும் பேட்டரிதான். இவை பேசுவதை அடுத்தவர் படிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், இவற்றின் குரலில் அடுத்தவர் பேசக் கூடாது. பேட்டரி கரையாமல் இதைச் செய்யும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது "எந்த அல்காரிதம் நல்லது?" என்று. இங்கே அது ஏழாவது படியில்தான் வரும். முன்னால் இருக்கிற ஆறு படிகளைத் தாண்டி அங்கே குதித்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து பாக்கெட்டை மறுபடி வரைந்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

1. கையில் இருக்க வேண்டியவை

கருவி போர்டு இரண்டு (ஒன்றைக் கெடுத்துப் பார்க்க), கேட்வேயாக (கருவிகளின் பாக்கெட்டை வாங்கிப் பதில் அனுப்பும் பக்கம்) ஒரு சின்னக் கணினி, மின்னோட்டம் அளக்க 1 ஓம் ரெசிஸ்டரும் ஒரு ஆசிலோஸ்கோப்பும். வெறும் மல்டிமீட்டர் போதாது. அரை விநாடிக்குள் முடிந்துபோகும் வேலையை அது சராசரியாக்கிக் காட்டிவிடும்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: ஏஇஎஸ் (பரவலாகப் புழங்கும் என்க்ரிப்ஷன் அல்காரிதம்) வசதி வன்பொருளில் இல்லாத கார்ட்டெக்ஸ் எம்0+ சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட். ரேடியோ எஸ்எக்ஸ்1276, 13 டிபிஎம்மில் அனுப்பும்போது அதன் டேட்டாஷீட் சொல்லும் மின்னோட்டம் 29 மில்லிஆம்பியர். உங்கள் சிப் வேறாக இருந்தால் எண்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

2. யாருக்குப் பயப்படுகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நாலு வரி போதும். எனக்கு வந்தவை இவை: வேலிக்கு வெளியே லோரா ரிசீவரோடு உட்கார்ந்து கேட்பவர்; கேட்ட பாக்கெட்டைப் பதிவு செய்து பிறகு திருப்பி அனுப்புபவர்; பொய் அளவு அனுப்பி மோட்டாரை ஓட வைப்பவர்; கருவியையே பிடுங்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்ப்பவர்.

இந்த நாலில் முதல் ஆள்தான் பாக்கெட்டைப் படிப்பதோடு நிற்கிறவர். நடுவில் இருக்கும் இருவருக்கும் ரகசியத்தைக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. "என்க்ரிப்ட் செய்துவிட்டேன், முடிந்தது" என்பவர்கள் அவர்களை மறந்துவிடுகிறார்கள். மறைத்தால் மட்டும் போதாது, "இது நம் கருவி அனுப்பியதுதான், வழியில் யாரும் தொடவில்லை" என்ற அத்தாட்சியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது ஏஇஏடி என்ற வகை. அதற்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள். ரேடியோ போடும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் அத்தாட்சி ஆகாது. அது இரைச்சலால் வந்த பிழையைப் பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றியவர் சிஆர்சியையும் சேர்த்து மாற்றி அனுப்புவார்.

3. மின்சாரம் எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள்

எல்லாவற்றையும் தீர்மானிக்கிற படி இதுதான். மெதுவாகப் போவோம்.

முதலில் என்க்ரிப்ஷனின் செலவு. ஆஸ்கான் என்ற அல்காரிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6 பைட் செய்தியும் 5 பைட் தலைப்பும் (யார் அனுப்பியது என்பது போன்ற, மறைக்காமல் போகும் விவரம்) கொண்ட சின்னப் பாக்கெட்டுக்கு அது 12 + 8 + 12, மொத்தம் 32 சுற்று கலக்கும். ஒரு சுற்றுக்கு 300 கிளாக் சைக்கிள் என்று தாராளமாகவே வையுங்கள். 9,600 சைக்கிள், 0.6 மில்லிசெகண்ட். சிப் 2.5 மில்லிஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 5 மைக்ரோஜூல். அவ்வளவுதான்.

அடுத்தது ரேடியோ. ஸ்பிரெடிங் ஃபேக்டர் 10 (இது கூடக் கூட எட்டும் தூரமும் காற்றில் இருக்கும் நேரமும் கூடும்), பேண்ட்வித் 125 கிலோஹெர்ட்ஸ், பிழை திருத்தும் கோடிங் 4/5, பாக்கெட்டின் தொடக்கத்தைக் காட்ட வழக்கமான 8 சிம்பல் (சிம்பல் என்பது லோரா அனுப்பும் ஒரு துண்டு அலை). இதில் ஒரு சிம்பல் 8.192 மில்லிசெகண்ட். பாக்கெட் வளர வளர நேரம் சரிவாக ஏறாது, படிக்கட்டாக ஏறும். இந்த அமைப்பில் 5 பைட்டுக்கு ஒரு படி. ஒரு படிக்கு 5 சிம்பல், அதாவது 41 மில்லிசெகண்ட்.

10 முதல் 14 பைட் வரை: 288.8 மில்லிசெகண்ட், 27.6 மில்லிஜூல்.
15 முதல் 19 வரை: 329.7 மில்லிசெகண்ட், 31.6 மில்லிஜூல்.
20 முதல் 24 வரை: 370.7 மில்லிசெகண்ட், 35.5 மில்லிஜூல்.
50 முதல் 54 வரை: 616.4 மில்லிசெகண்ட், 59 மில்லிஜூல்.

ஒரு படி ஏறினால் 3.9 மில்லிஜூல். அந்தச் செலவில் 780 முறை என்க்ரிப்ட் செய்யலாம். இதைவிட இரண்டு மடங்கு வேகமான அல்காரிதத்தைத் தேடிப் பிடித்தால் பாக்கெட்டுக்கு 2.5 மைக்ரோஜூல் மிச்சம். தேவையில்லாமல் தொங்கும் ஒரு பைட்டை வெட்டி ஒரு படி இறங்கினால் அதைப்போல ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் மிச்சம். ஆகவே கையை வைக்க வேண்டிய இடம் பாக்கெட்டின் நீளம்.

இன்னொன்று. இதே 19 பைட் பாக்கெட்டை ஸ்பிரெடிங் ஃபேக்டர் 12-இல் அனுப்பினால் ஒரு விநாடிக்கு மேல் காற்றில் இருக்கும். ஆன்டெனாவை நாலடி உயர்த்திக் கட்டி ஃபேக்டரைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அதில் மிச்சமாவது எந்த என்க்ரிப்ஷன் தந்திரத்திலும் மிச்சமாகாது.

4. பாக்கெட்டைத் தாளில் வரையுங்கள்

என் முதல் பாக்கெட் இப்படி இருந்தது: பதிப்பு 1 பைட், கருவி எண் 2, நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் எண்) 16, செய்தி 16 (6 பைட்தான் செய்தி, மீதி நிரப்பல்), டேக் (அத்தாட்சி முத்திரை) 16. மொத்தம் 51. நூலகத்தின் எடுத்துக்காட்டில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் கிடைக்கும்.

இதை வெட்டுவோம். நிரப்பல் முதலில் போகட்டும். ஏஇஏடிக்கு அது தேவையில்லை, 6 பைட் உள்ளே போனால் 6 பைட்டாகவே வெளியே வரும். செய்தி என்பது ஈரம் 2, வெப்பம் 2, பேட்டரி 1, நிலைக்கொடி 1. ஜேசன் வடிவத்தில் பெயரும் எண்ணும் எழுத்தாகவே அனுப்புகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

நான்ஸ் 16 பைட். இது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாற வேண்டும், ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டே வந்தால் முழுசாக அனுப்ப வேண்டியதும் இல்லை. 4 பைட் கவுன்ட்டரை இருபுறமும் வைத்துக்கொண்டு அதன் கடைசி 2 பைட்டை மட்டும் அனுப்புகிறோம். மீதியைக் கேட்வே தானே கட்டிக்கொள்ளும்.

டேகை 8 பைட்டாகச் சுருக்குகிறோம். ஆஸ்கானின் தரநிலை இதை அனுமதிக்கிறது. முதல் 64 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும்.

இப்போது: பதிப்பும் சாவி எண்ணும் (எந்த ரகசியச் சாவியால் பூட்டியது என்று சொல்ல) 1, கருவி எண் 2, கவுன்ட்டர் 2, செய்தி 6, டேக் 8. மொத்தம் 19. படிக்கட்டில் பாருங்கள், 15–19 படியின் கடைசிப் பைட். பாதுகாப்பே இல்லாத பாக்கெட் 11 பைட். அதற்கும் இதற்கும் ஒரே ஒரு படி வித்தியாசம்.

டேகை இன்னும் வெட்டி 4 பைட் ஆக்கலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். லோரா மேல் ஓடும் நெட்வொர்க் தரநிலையான லோராவான்கூட 4 பைட்தானே வைக்கிறது என்பார்கள். சரி, வெட்டினால் பாக்கெட் 15 பைட். 15-உம் அதே படிதான். ஒரு மில்லிசெகண்ட்கூட மிச்சமாகாது. டேக் மட்டும் பலவீனமாகும். வெட்டுவதற்கு முன் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

51 பைட்டுக்கும் 19 பைட்டுக்கும் இடையே பாக்கெட்டுக்கு 27.4 மில்லிஜூல். ஒரு நாளைக்கு 96 பாக்கெட். ஆண்டுக்கு 960 ஜூல். என் கருவி தூக்கத்தில் 5 மைக்ரோஆம்பியர் குடிக்கிறது. ஆண்டு முழுக்கத் தூங்கினாலே 520 ஜூல்தான். ஆக, ஒழுங்கில்லாத பாக்கெட், தூக்கச் செலவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கைக் கூடுதலாகத் தின்றுகொண்டிருந்தது.

5. நான்ஸ் ஒருபோதும் திரும்ப வரக் கூடாது

இந்தப் படியில் விழாதவர்கள் குறைவு.

ஒரே சாவி, ஒரே நான்ஸ், இரண்டு வெவ்வேறு செய்தி. அப்போது நடப்பது இது: இரண்டு பாக்கெட்டின் செய்திப் பகுதிகளையும் எக்ஸ்-ஆர் செய்தால் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, ஒன்றானால் 0, வேறானால் 1) மறைப்பு முழுக்கக் கழன்றுவிடும். முதல் பாக்கெட்டில் ஈரம் 412, இரண்டாவதில் 415 என்றால் கேட்பவர் கையில் 3 என்ற எண் வந்து நிற்கும். "கடைசி இரண்டு பிட் மட்டும் மாறியிருக்கிறது, மேலே எல்லாம் ஒன்றே" என்று சாவி இல்லாமலே அவருக்குத் தெரியும். ஒரு அளவு எப்படியோ தெரிந்துவிட்டால் அடுத்ததும் தெரிந்துவிடும். நம் செய்தி 6 பைட்தான். முழுசும் முதல் தொகுதிக்குள் அடங்கிவிடுவதால் எதுவும் தப்பாது.

யாரும் வேண்டுமென்று நான்ஸைத் திருப்பிப் பயன்படுத்துவதில்லை. அது மூன்று வழியில் வரும்.

முதல் வழி, பேட்டரி மாற்றம். கவுன்ட்டர் ரேமில் இருந்தால் மின்சாரம் போனதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஃபிளாஷில் எழுத வேண்டும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எழுதினால் இன்னொரு தொல்லை: 10,000 முறை அழித்தெழுதத் தாங்கும் ஃபிளாஷ், நாளைக்கு 96 வீதம் 104 நாளில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கவுன்ட்டரை எழுதாமல் அதன் உச்சவரம்பை எழுதுங்கள். "1024 வரை என்னுடையது" என்று ஒருமுறை எழுதிவிட்டு ரேமில் எண்ணிக்கொண்டே போங்கள். 1024-ஐத் தொட்டதும் 2048 என்று எழுதுங்கள். நடுவில் ரீசெட் ஆனால் எழுதியிருக்கும் வரம்பிலிருந்து தொடங்குங்கள். சில எண்கள் வீணாகும், ஆனால் எதுவும் திரும்ப வராது. பத்துப் பதினோரு நாளைக்கு ஒருமுறை எழுதினால் போதும். 4 பைட் கவுன்ட்டரில் எண்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது வழி, இரு திசைக்கும் ஒரே சாவி. கருவியும் கேட்வேயும் ஆளுக்கொரு கவுன்ட்டரை ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் பாக்கெட்டிலேயே நான்ஸ் மோதும். போகும் பாக்கெட்டுக்கு ஒரு சாவி, வரும் பாக்கெட்டுக்கு வேறு சாவி என்று வைத்துவிடுங்கள். 16 பைட் அதிக நினைவகம், அவ்வளவே.

மூன்றாவது வழி, ரேண்டம் எண். "நான்ஸை ரேண்டமாகப் போட்டுவிடலாமே" என்று தோன்றும். அப்படிப் போட்டால் 16 பைட்டையும் காற்றில் அனுப்ப வேண்டும். சி மொழியின் சாதாரண ரேண்டம் செயல்பாட்டை எடுத்தவர்கள் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அதே வரிசையைப் பெறுவார்கள். வேண்டாம், கவுன்ட்டரே போதும்.

16 பைட் நான்ஸை இப்படிக் கட்டுங்கள்: பதிப்பு 1, கருவி எண் 2, முழுக் கவுன்ட்டர் 4, மீதி 9 பூஜ்யம். பைட் வரிசை எந்தப் பக்கம் என்று தாளில் எழுதி வையுங்கள். கருவியும் கேட்வேயும் வேறு வேறு வரிசையில் கட்டினால் டேக் எப்போதுமே பொருந்தாது. குறை எங்கே என்று தேடி அரை நாள் போகும்.

உச்சவரம்பு வழியை நான் முதலில் எழுதியபோது ஒரு ஓட்டை விட்டேன். வரம்பை ஏற்றும் வேலையைக் கருவி விழித்ததும் முதல் வேலையாக வைத்திருந்தேன். ஐப்பசி அடைமழையில் சோலார் பேனல் மூன்று நாள் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரி தளர்ந்திருந்தது. கருவி விழிக்கும், வரம்பை ஏற்றும், பாக்கெட் அனுப்ப ரேடியோவைத் தட்டும், வோல்ட் சரியும், ரீசெட். மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை இதேதான், ராத்திரி முழுக்க. மழை விட்ட பிறகு கருவி நன்றாகவே அனுப்பியது, ஆனால் கேட்வே ஒன்றைக்கூட ஏற்கவில்லை. எடுத்து வந்து பார்த்தால் கவுன்ட்டர் 70 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஏறத்தாழ 6,800 ரீசெட். நாம் அனுப்புவது கடைசி 2 பைட் மட்டும். 65,536-க்கு ஒருமுறை அது சுற்றிவிடும். நூறு சுற்றுக்கு மேல் போனது கேட்வேக்கு எப்படித் தெரியும்?

இரண்டு திருத்தம் செய்தேன். ஒன்று, விழித்ததும் முதலில் வோல்ட் பார்ப்பது. குறைவாக இருந்தால் வரம்பையும் தொடாமல் ரேடியோவையும் தொடாமல் மறுபடி தூங்கிவிடுவது. இரண்டு, ரீசெட்டுக்குப் பிறகான முதல் ஐந்து பாக்கெட்டில் கவுன்ட்டரின் 4 பைட்டையும் முழுசாக அனுப்புவது. பதிப்புப் பைட்டில் ஒரு பிட் அதைச் சொல்லும். அந்த ஐந்து பாக்கெட்டும் 21 பைட், ஒரு படி அதிகம். ரீசெட் என்றாவது நடப்பதுதானே, பரவாயில்லை.

6. சாவி எங்கே பிறக்கிறது, எங்கே கிடக்கிறது

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. இதில் பேரமே கிடையாது. எல்லாக் கருவிக்கும் ஒரே சாவி வைத்தால் வேலியோரம் இருக்கும் ஒன்றைப் பிடுங்கினாலே தோட்டம் முழுக்கப் போச்சு. 2016-இல் குறியாக்க அறிஞர் அடி ஷமிர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரபலமான ஸ்மார்ட் பல்பு ஒன்றின் சிப் குடிக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் நிரல்) காக்கும் ஏஇஎஸ்-சிசிஎம் (ஏஇஎஸ்ஸை வைத்துக் கட்டிய ஏஇஏடி) சாவியை எடுத்துக் காட்டினார்கள். அந்த ரகப் பல்புகள் அத்தனைக்கும் அதே சாவி என்பதுதான் அதில் பெரிய அடி.

சாவியைக் கருவியில் உருவாக்காதீர்கள். கணினியில், இயங்குதளம் தரும் ரேண்டம் மூலத்திலிருந்து எடுத்து, கருவிக்கு ஃபர்ம்வேர் ஏற்றும்போது தனி ஃபிளாஷ் பக்கத்தில் எழுதுங்கள். கருவி எண்ணையோ சிப்பின் வரிசை எண்ணையோ கொஞ்சம் கலக்கிச் சாவி என்று வைப்பது ரொம்பப் பேர் செய்யும் தப்பு. சிப்பின் வரிசை எண்ணை யாரும் படிக்கலாம்.

ஏற்றி முடித்ததும் டீபக் போர்ட்டை (சிப்பின் உள்ளே எட்டிப் பார்க்க உதவும் இணைப்பு) பூட்டுங்கள். பல சிப்களில் இந்தப் பூட்டை உடைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் இதை நம்பி மட்டும் இருக்க முடியாது. தனிச் சாவி இருந்தால் உடைத்தவருக்குக் கிடைப்பது அந்த ஒரு கருவி மட்டும். அந்தக் கருவி எண்ணைக் கேட்வேயில் அடித்துவிட்டால் கதை முடிந்தது.

சாவிகளைச் சி கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை இணையத்தில் யாரும் பார்க்கும் பொது நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: கோப்பை நீக்கினால் போதாது, சாவியை மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும். பதிப்புப் பைட்டில் சாவி எண்ணுக்கு இடம் விட்டது இப்படி ஒரு நாள் வரும் என்றுதான்.

7. இப்போது அல்காரிதம்

இது சின்னப் படி. உங்கள் சிப்பில் ஏஇஎஸ் வன்பொருளாகவே இருந்தால் ஏஇஎஸ்-சிசிஎம், 13 பைட் நான்ஸ், 8 பைட் டேக். நான்ஸில் பூஜ்யங்களை மூன்று குறைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. வன்பொருள் இல்லையா, ஆஸ்கான்-ஏஇஏடி128. 2023-இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் இதைத் தேர்ந்தெடுத்து 2025-இல் எஸ்பி 800-232 என்ற தரநிலையாக வெளியிட்டது. உள்ளே கலக்கும் நிலை 320 பிட், சாவி 128 பிட். பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். ஏஇஎஸ்ஸை அட்டவணை போட்டு மென்பொருளில் ஓட்டும்போது, கேஷ் (சிப்பின் வேகமான தற்காலிக நினைவகம்) உள்ள சிப்களில் நேரத்தை வைத்தே சாவி கசியும் தொல்லை உண்டு. ஆஸ்கானில் அது இயல்பாகவே இல்லை.

பிரசென்ட் போன்ற அல்காரிதங்களின் பெயர்களைப் படித்துவிட்டு "இது இன்னும் இலகுவாமே" என்று வருபவர்கள் உண்டு. இலகு என்றால் எதில் இலகு என்று கேட்க வேண்டும். பிரசென்ட் வன்பொருளுக்காகச் செய்தது. பிட்டுகளை இடம் மாற்றுவது சிலிக்கானில் வெறும் கம்பி இழுக்கிற வேலை, செலவே இல்லை. அதையே மென்பொருளில் செய்தால் ஒவ்வொரு பிட்டாகப் பொறுக்க வேண்டும். மேலும் அதன் தொகுதி 64 பிட், அத்தாட்சியும் தனியாகக் கட்ட வேண்டும். நம் வேலைக்கு அது சரிவராது.

நாமே ஒன்று எழுதலாமா? வேண்டாம். மூன்றாவது படியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: செலவே இல்லாத அல்காரிதம் எழுதினால்கூட மிச்சம் 5 மைக்ரோஜூல்.

ஆஸ்கானின் நிரலைத் தேடும்போது ஒரு கண்ணி உண்டு. தரநிலைக்கு முந்தைய 1.2 பதிப்பின் நிரல்கள் இன்னும் எங்கும் கிடக்கின்றன. தரநிலையில் பைட் வரிசை தலைகீழானது, தொடக்க மதிப்புகளும் மாறின. இரண்டும் ஆஸ்கான்தான், ஆனால் ஒன்று பூட்டியதை மற்றது திறக்காது. கேட்வேயில் புதியது, கருவியில் பழையது என்று போட்டுவிட்டுச் சாவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம், 32 பிட் சிப்புக்கென்று எழுதிய வடிவத்தை எடுங்கள். 64 பிட் கணினிக்கு எழுதியதும் ஓடும், ஆனால் மெதுவாக.

8. வாங்கும் பக்கத்தில் வரிசை முக்கியம்

கேட்வே இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். நீளம் சரியா? கருவி எண் நம்முடையதா? வந்த 2 பைட்டிலிருந்து முழுக் கவுன்ட்டரைக் கட்டு: கடைசியாகப் பார்த்ததன் கீழ்ப்பாதியைவிட வந்தது பெரிதென்றால் மேல்பாதி அதேதான், இல்லையென்றால் மேல்பாதியில் ஒன்று கூட்டு. நான்ஸைக் கட்டு, திற, டேகைச் சரிபார். பொருந்தினால் மட்டும் கவுன்ட்டரைப் புதுப்பி, அதன் பிறகே செய்தியைத் தொடு.

கவுன்ட்டரை டேக் பார்ப்பதற்கு முன்னால் புதுப்பித்தால் என்ன ஆகும்? வெளியாள் ஒருவர் பெரிய கவுன்ட்டரோடு குப்பைப் பாக்கெட் ஒன்றை அனுப்புவார். டேக் பொருந்தாது, கேட்வே தூக்கிப் போடும். ஆனால் கவுன்ட்டர் ஏறிவிட்டது. அதன் பிறகு நம் கருவி அனுப்புவதற்குக் கேட்வே தப்பான கவுன்ட்டரைக் கட்டும், டேக் பொருந்தாமல் தள்ளுபடி. சாவி தெரியாமலே கருவியின் வாயைக் கட்டிவிட்டார்.

டேகை ஒப்பிடும்போது முதல் பைட் பொருந்தாததும் நின்றுவிடும் சாதாரண ஒப்பீட்டைப் பயன்படுத்தாதீர்கள். எட்டு பைட்டையும் எக்ஸ்-ஆர் செய்து ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் பூஜ்யமா என்று பாருங்கள். எத்தனை பைட் பொருந்தியது என்பது நேரத்தில் கசியாது.

9. வால்வுக்குப் போகும் கட்டளை

அளவை அனுப்புவதும் கட்டளை அனுப்புவதும் ஒன்றல்ல. "திற" என்ற பாக்கெட்டைப் பதிவு செய்து நாளைக்குத் திருப்பி அனுப்பினால் கவுன்ட்டர் தடுத்துவிடும். ஆனால் இன்னொரு விதம் இருக்கிறது: வால்வுக்குக் கேட்காதபடி இரைச்சல் போட்டுக்கொண்டே கேட்வேயின் பாக்கெட்டைப் பதிவு செய்பவர். வால்வு அதைப் பார்த்ததே இல்லை. நடுராத்திரி கொண்டுவந்து கொடுத்தால் புத்தம்புதிய கவுன்ட்டராகவே தெரியும்.

இதற்கு மருந்து, கட்டளையை ஒரு கேள்விக்குப் பதிலாக மாற்றுவது. வால்வு விழித்து "நான் இருக்கிறேன்" என்று ஒரு பாக்கெட் அனுப்பும். கேட்வே உடனே பதில் அனுப்பும். அந்தப் பதிலின் டேகைக் கணக்கிடும்போது வால்வு அனுப்பிய கவுன்ட்டரையும் கூடுதல் தரவாக (மறைக்கப்படாமல், டேக் கணக்கில் மட்டும் சேரும் தரவு) சேர்க்க வேண்டும். அந்த எண் இரு பக்கமும் தெரியும், ஆகவே காற்றில் அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த முறை வால்வு விழித்தால் கவுன்ட்டர் வேறு; பதுக்கிய பாக்கெட்டின் டேக் பொருந்தாது. ஒரு பைட்கூடக் கூடாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது. ஏஇஏடி எடுத்தவர்களில் பலர் இந்தக் கூடுதல் தரவைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

10. உடைத்துப் பாருங்கள்

முதலில் தரநிலையோடு வரும் சோதனை எண்கள். அவற்றைக் கணினியில் மட்டும் ஓட்டாமல் கருவியிலும் ஓட்டுங்கள். கணினியில் சரியாக வந்து கருவியில் தவறுவது நடக்கிற விஷயம்.

பிறகு ஒரு நல்ல பாக்கெட்டை எடுத்து, ஒவ்வொரு பிட்டாக மாற்றிக் கேட்வேக்குக் கொடுங்கள். 19 பைட், 152 பிட், 152 பாக்கெட். அத்தனையும் தள்ளுபடி ஆக வேண்டும். ஒன்று உள்ளே போனாலும் தலைப்பில் எதையோ டேக்குக்கு வெளியே விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பதிப்புப் பைட்.

அடுத்து, மாற்றாத நல்ல பாக்கெட்டை இரண்டு முறை கொடுங்கள். இரண்டாவது தள்ளுபடியாக வேண்டும். கடைசியாகப் பேட்டரியைப் பிடுங்கி மாட்டுங்கள், ஐம்பது தடவை, ஒழுங்கில்லாத இடைவெளியில். கவுன்ட்டரை அச்சிட்டுப் பாருங்கள், எந்த எண்ணும் இரண்டு முறை வரக் கூடாது. அலுப்பான வேலைதான். நான் இதைப் பத்துத் தடவையோடு நிறுத்தியதன் பலன்தான் ஐந்தாவது படியில் சொன்ன ராத்திரி.

11. அளந்து பார்ப்பது

என்க்ரிப்ஷன் தொடங்கும்போது சிப்பின் ஒரு பின்னில் வோல்ட்டை உயர்த்தி, முடிந்ததும் இறக்குங்கள். ஸ்கோப்பில் அதன் அகலம்தான் உண்மையான நேரம். 0.6 மில்லிசெகண்ட் எதிர்பார்த்த இடத்தில் 3 வந்தால் கம்பைலரின் உகப்பாக்கம் (நிரலை வேகமாக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டீபக்குக்காக அணைத்துவிட்டு அப்படியே அளந்து, "இந்த அல்காரிதம் மெதுவாக இருக்கிறது" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

மின்னோட்டம் அளக்கும்போது டீபக் கம்பியைக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்வரை பல சிப்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. கழற்றிய பிறகும் தூக்கத்தில் 5-க்குப் பதில் 300 மைக்ரோஆம்பியர் காட்டினால், என்க்ரிப்ஷனுக்காக எழுப்பிய ஏஇஎஸ் அல்லது ரேண்டம் எண் பகுதியின் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். எழுப்பிய பகுதியை அணைக்கும் வரியை, பாக்கெட் வெற்றிகரமாகப் போன பாதையில் மட்டுமல்லாமல், பிழை வந்து திரும்பும் பாதையிலும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எனக்கு அது பிழைப் பாதையில்தான் விட்டுப்போயிருந்தது. கேட்வே அணைந்திருந்த நாட்களில் மட்டும் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று இரண்டு வாரம் தேடினேன்.